காக்கா எத்தனை நாள்ல மறக்கும்?

அந்த வீடியோ கதை அப்பறம் மேடம். மொதல்ல நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரு காக்கா ஒரு ஆளை மறக்கணும்னா எத்தனை நாள் ஆவும்?

வருஷக்கணக்கா? அஞ்சாறு வருஷத்துக்கு மேலயும் போவுமா? போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மொத தெவசம் வர்றது அடுத்த வெள்ளிக்கிழமை மேடம். முழுசா ஒம்பது நாள்தான் இருக்குது. ஒம்பது நாள்ல மறக்க வைக்கிற மருந்து, மாத்திரை, ஸ்ப்ரே எதனா உங்க பெங்களூர்ல இருக்குதா?

சிரிக்காதீங்க. நான் மெய்யாலுமே கேக்கறேன்.

காபிய எடுத்துக்கோங்க, ஆறிடும். சக்கரை சரியா இருக்குதா? இந்தப் பக்கம் நெழல்ல வந்து உக்காருங்க. பாத்தீங்களா, நீங்க முன்னாடி படியேறி வந்தப்ப ஒரு சத்தம் இல்ல. பின்னாடி நான் தலைய நீட்டினேனோ இல்லயோ, ஆரம்பிச்சுட்டுதுங்க. தண்ணி டேங்க் மேல ரெண்டு, கேபிள் ஒயர்ல நாலு, அந்த முருங்க மரத்துல எத்தனைன்னு தெரியல. எல்லாம் என்னைத்தான் பாக்குது. நீங்க பறவைக்குப் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? இது சும்மா கத்தல் இல்ல மேடம், திட்டு. நல்லா கேளுங்க. கொழாய்ச் சண்டையில பொம்பளைங்க கத்தற மாதிரியே இருக்கும். ஒண்ணு எடுத்துக் குடுக்கும், மத்ததுங்க புடிச்சுக்கும்.

உங்ககிட்ட படிக்கிற ஜெயப்ரியா பொண்ணு கையில ஒரு சின்ன மிஷின் வச்சிருக்கும். ஒரு கத்தலுக்கு ஒரு அமுக்கு. டிக்கு, டிக்கு, டிக்குன்னு. நான் மாடிக்கு வந்தா மட்டும் அதுக்கு கட்ட வெரலு வலிக்கும்னு சொல்லும்.

நல்ல பொண்ணு மேடம். போன ஆவணி மாசம் வந்துச்சு. ஒல்லியா, தோள்ல பெரிய பை, கழுத்துல தூரத்துல பாக்கற கண்ணாடி. இந்தத் தெருவுல நாலஞ்சு மாடி பாத்துட்டு, எங்க மாடிதான் தோதா இருக்குதுன்னுச்சு. ஒரு பக்கம் முருங்க, ஒரு பக்கம் புங்க மரம், நடுவுல ஒயரு. காக்காவுக்கு ஆளோட மூஞ்சி ஞாபகம் இருக்குதான்னு பாக்கணும்னு சொல்லுச்சு. நான் கேட்டேன், அதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம் படிக்கணும், எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களேன்னு. சும்மா சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். எண்ணி எழுதணுமாம்.

நெறைய சொல்லும் அது. காக்கா, குருவி, மைனா எல்லாம் ஒரே கூட்டமாம். கெளையில உக்கார்றதுக்குன்னே கால் அமைஞ்ச பறவைங்களாம். உக்காந்த ஒடனே வெரலு தானா இறுக்கிக்குமாம். தூங்கினாக்கூட வுழாதாம். அப்டியா, எங்க வீட்டுக்காரர் கூட தறிக்குழியில கால வுட்டுக்கினே தூங்குவாரும்மா, மிதிபலகை மேல இருந்து கால் எடுக்கவே மாட்டாரு, அவரையும் அந்தக் கூட்டத்துல சேத்துக்கோன்னேன். அந்தப் பொண்ணு அதையும் நோட்டுல எழுதிக்கினு போவுது!

முகமூடி பாத்தீங்களா? பை நெறைய அமுக்கி வச்சிருக்கும். ரப்பரு. ரெண்டும் வெள்ளைக்காரக் கெழவன் மூஞ்சி. ஒண்ணு வழுக்க, ஒண்ணு மீச. வழுக்க போட்டவங்க தெனம் சாயங்காலம் காக்காவுக்கு வேர்க்கடல போடணும். மீச போட்டவங்க, கறுப்புத் துணியில தெச்ச செத்த காக்கா பொம்மைய கால புடிச்சு தொங்க வுட்டுக்கினு, அஞ்சு நிமிஷம் மாடியில அப்டியும் இப்டியும் நடக்கணும். எதிர் வீட்டு சுகாசினி வழுக்க. நான் மீச.

நெனச்சுப் பாருங்க மேடம். பொடவ மேல முழுக்க முழுக்க நீல கோட்டு. பொடவைய வச்சு அடையாளம் கண்டுக்கக் கூடாதாம். கோட்டுக்கு மேல வெள்ளைக்காரன் தல. கையில செத்த காக்கா. மொத நாளு எங்க பையன் குமாரவேல் தறிய நிறுத்திட்டு மேல ஓடியாந்தான். வந்து நின்னு என்னை ஏற எறங்கப் பாக்கறான். யம்மா நீயா, வெளிநாட்டுப் பார்ட்டி மாடிக்குப் போவுதுன்னு நெனச்சு மூணு பொடவ எடுத்து விரிச்சு வச்சுட்டேனேம்மான்னான். சண்டாளன்.

எனக்கு எப்டி மீச வந்துச்சா? அது... சீட்டு குலுக்கிப் போட்டாங்கன்னு நெனக்கிறேன். என் ராசி அப்டி. எல்லாம் ராசிதானே.

அந்தச் சுகாசினிதான் குஷாலா இருக்கறா. வழுக்க முகமூடிய மாட்டிக்கினா போதும், காக்காங்க அவ பின்னாடியே சுத்தும். அதக் கழட்டிட்டா ஒண்ணு கூட சீண்டாது. ஆளு அதே ஆளு, ஒசரம் அதே ஒசரம், காக்கா அவள யாரோன்னு பாக்கும். அதனால அவ என்ன பண்றா தெரியுமா, துணி காயப் போடறப்ப கூட வழுக்கத் தலையோடதான் வர்றா. ஒருநா ஒரு காக்கா சோடா மூடி ஒண்ணக் கொண்டாந்து அவ கால்கிட்ட போட்டுட்டுப் போச்சு. சீர் வச்சிருக்குதுக்கா, சீருன்னு தெரு முழுக்கக் காட்டிக்கினு வந்தா. அவ வீட்டுக்காரன் தாலி கட்டினப்போ கூட அவ்ளோ சந்தோஷம் இருந்திருக்காது.

ஆனா என் கத வேற மேடம். எனக்கு முகமூடி போட்டாலும் கத்துது. கழட்டினாலும் கத்துது. அதான் பேஜார்.

ஏன்னா, புரட்டாசி வெயிலு. ரப்பருக்குள்ள மூச்சு முட்டிச்சு. கண்ணெல்லாம் வேர்வ. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் தூக்கி மூஞ்சியத் தொடச்சேன். கையில செத்த காக்கா இருக்குது. பாத்துட்டுதுங்க. மீசைக்குள்ள இருந்தது மஹாலட்சுமின்னு தெரிஞ்சு போச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல. நீங்க இத எழுதிக்கோங்க.

அது எழுதறது இருக்கட்டும், அப்பறம் நடந்தத கேளுங்க. மஹாளய அமாவாச. எங்க நாத்தனாரு காவேரி ஓரிக்கையில இருந்து வந்துட்டா. அண்ணன் மேல உசுரு அவளுக்கு. எலயில சோறு, பருப்பு, வாழக்கா பொரியல், வடை, பாயசம் எல்லாம் வச்சு மாடிக்குக் கொண்டாந்தேன். கைப்புடிச் செவுத்து மேல வச்சேன். கா கான்னு கூப்புட்டேன். எங்க வரும்? ஒயர்ல உக்காந்துக்கினு திட்டுது. கூப்புடக் கூப்புடத் திட்டுது. மணி பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு. காக்கா எடுக்காம வீட்ல யாரும் வாய வைக்க முடியாதே. குமாரவேலுக்குப் பசி கண்ண அடைக்குது. காவேரி என்னையே பாக்கறா. கடைசியில அணில் வந்து வடைய எடுத்துச்சு. அணிலக் கணக்குல சேத்துக்க அவ ஒத்துக்கல.

எங்கண்ணன் கோவமா இருக்குதுன்னா. எல்லாரு முன்னாடியும். உயிரோட இருக்கறப்போ தான் பொலம்பிப் பொலம்பி நிம்மதி இல்லாம ஆக்கின, இப்ப பாரு, உன் கைச்சோறே வேணாம்னு உக்காந்திருக்குதுன்னா.

நான் பொலம்பறவதான் மேடம், இல்லன்னு சொல்லல. பால் பொங்கிடுமோ, பையன் லேட்டா வரானே, மழ வந்து பாவு நூல் நனைஞ்சிடுமோ, எனக்கு வாய் சும்மா இருக்காது. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு தறிக்கு நூல் தார் சுத்த உக்கார வச்சுட்டாங்க. ராட்டைய சுத்திக்கினே என்ன பண்றது, வாயும் சேந்து சுத்துது. அதுக்காக சோறு வேணாம்பாரா மனுஷன்? என் கொழம்பத் தவிர எந்தக் கொழம்பும் எறங்காது அவருக்கு.

அன்னையில இருந்து நான் பண்ணாத வேல இல்ல. எலய சுகாசினிகிட்ட குடுத்து அவ வீட்டு மாடியில வைக்கச் சொல்லிப் பாத்தேன். அங்க காக்கா எடுத்துச்சு. எதிர் வீட்ல எடுத்தா எதிர் வீட்டுக்காரங்க முன்னோருக்குத்தான் போவும்னுட்டா காவேரி. போஸ்ட்மேன் மாதிரி பேசறா. கார்த்திக அமாவாசைக்கு யாருக்கும் சொல்லாம தூக்குல சோத்தக் கட்டிக்கினு தாமலுக்கு பஸ் ஏறிப் போனேன். ஏரிக்கர காக்காவுக்கு என்னத் தெரியாதே! வச்சதும் வந்து அள்ளிக்கினு போச்சுங்க. மனசு அப்டியே குளுந்து போச்சு. திரும்பி வர்றப்போ பஸ்ல உக்காந்து யோசிக்கிறேன், இது எந்த ஊர் காக்காவோ, யார் வீட்டுப் பெரியவங்களோ, எங்க வீட்டுக்காரருக்கு தாமல்ல ஒருத்தரையும் தெரியாதேன்னு. குளுந்தது மறுபடி காந்த ஆரம்பிச்சுட்டுது.

தை அமாவாசையில பண்ணதத்தான் சொல்லவே வெக்கமா இருக்குது. சரி, நீங்களும் பொம்பளைதானே. சுகாசினியோட வழுக்க முகமூடிய கேட்டு வாங்கி மாட்டிக்கினேன். ஆமா மேடம், ஜெயப்ரியாவுக்குத் தெரியாம. தெரிஞ்சா திட்டும்னு தெரியும், வழுக்கைய மீச போடக் கூடாதாமே. வெள்ளைக்காரக் கெழவனாட்டம் எலய எடுத்துக்கினு வந்து வச்சேன். வாய் கூடத் தொறக்கல, குரல் தெரிஞ்சுடுமோன்னு பயம். வந்துச்சு மேடம். என் கையில இருந்து ஒரு மொழ தூரம். பாயசத்துல மூக்க வுட்டு, வடைய எடுத்து, திரும்பி வந்து ரெண்டாவது வடைய எடுத்துச்சு. அவரு போயி எட்டு மாசத்துக்கு அப்பறம், எங்க மாடியில நான் வச்ச சோத்த... ரப்பருக்குள்ள அழுதா என்ன ஆவும் தெரியுமா? மூக்கு ஒழுவும், தொடைக்க முடியாது. நான் அப்டியே நிக்கறேன், பின்னாடி பாத்தா காவேரி.

பயந்து ஒரு கத்து கத்தினா பாருங்க, காக்கா மூணு தெரு தள்ளிப் போயிடுச்சு. அப்பறம் நான்னு தெரிஞ்சதும் இன்னும் பெருசாக் கத்தினா. முகமூடி போட்டுக்கினு புருஷனுக்குப் படையல் வைக்கறவள நீங்க எங்கனா பாத்திருக்கீங்களாடீன்னு தெருவையே கூப்புட்டுக் கேட்டா. கேட்டா கேக்கட்டும். நான் உங்ககிட்ட கேக்கறேன், நீங்க படிச்சவங்க. அது சேருமா சேராதா? வச்சது என் கைதானே?

பரவால்ல. அது உங்க படிப்புல வராது போல.

அதனாலதான் மேடம் நீங்க வர்றீங்கன்னு ஜெயப்ரியா சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க பேரு, படிப்பு, கையெழுத்து, கீழ ஒரு சீலு. பெருசா ஒண்ணும் வேணாம். இந்த அம்மா வீட்ல காக்கா சோறு எடுக்காததுக்குக் காரணம் ஆராய்ச்சிக்காகப் போட்ட மீச முகமூடி, வேற எந்த மனஸ்தாபமும் இல்லன்னு நாலு வரி. தமிழ்ல எழுதுங்க, காவேரிக்கு இங்கிலீஷ் தெரியாது. வெள்ளிக்கிழம சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. முசரவாக்கத்துல இருந்து அவங்க சித்தப்பா வராரு. காக்கா வராது. வரவே வராது, எனக்குத் தெரியும். அந்த நேரத்துல லெட்டர எடுத்து நீட்டணும். சயின்ஸ் சொல்லுதுன்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

போன எதுக்கு என் பக்கம் திருப்பறீங்க?

மறுபடி அந்த வீடியோவா. சரி, காட்டுங்க. கண்ணாடிய எடுத்துக்கறேன் இருங்க.

ஆமா, இது எங்க மாடிதான். சுகாசினி நடக்கறா. முகமூடி இல்ல. ஆமா, மொத நாளு வெறும் மூஞ்சியோட நடக்கச் சொல்லுச்சு, அப்பறம்தான் முகமூடின்னுச்சு. காக்காங்க கம்முனு உக்காந்திருக்குது. சரி. இப்ப நான். வெறும் மூஞ்சி. கையில ஒண்ணும் இல்ல.

...சவுண்ட கொஞ்சம் கொறைங்க மேடம்.

தேதி போட்டிருக்குதா கீழ. ஆவணி மாசந்தான். ஆமா. மீச போடறதுக்கு முன்னாடிதான்.

அப்போ இருந்தே கத்துதே, ஏன்னு கேக்கறீங்க. நான் என்னத்த சொல்ல? அதுங்களுக்கு என் பொடவ புடிக்கலயோ என்னமோ.

நோட்டுலயும் எழுதியிருக்குதா? சீட்டு குலுக்கலன்னா? இந்த அம்மாவே மீச எனக்குக் குடுன்னு கேட்டு வாங்கிக்கினாங்கன்னா எழுதியிருக்குது? அந்தப் பொண்ணுக்கு எதத்தான் எழுதறது, எத வுடறதுன்னு இல்ல.

என்ன சொல்றீங்க? ரெண்டு வருஷத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்களா? யாரு, பரீட்ச பாக்கறவங்களா? மொத நாளே கத்தியிருக்குதுன்னா, மீசையால கத்துச்சா ஆளால கத்துச்சான்னு எப்டி நம்பறதுன்னு கேக்கறாங்களா? அது சரிதான். கேப்பாங்க. நானா இருந்தாலும் கேப்பேன்.

ஜெயப்ரியா அழுதுச்சா? நெஜமா? என்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுச்சு. சாப்ட்டீங்களா ஆன்ட்டின்னுச்சு.

பாருங்க, இதுங்க எல்லாம் ஒரே மாதிரி. நமக்குத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சரி. அந்தப் பேனாவ எடுங்க. தூக்கிப் போட வேணாம்னு சொல்லுங்க அவங்ககிட்ட. காக்கா கத்தினது சரியாத்தான் கத்துச்சு. அந்தப் பொண்ணு எண்ணினதும் சரிதான். காரணம் கெடச்சுதுன்னா கணக்கு தேறிடுமா? சுகாசினி கத மட்டும் வச்சாவது தேறுமா? தேறும்ல? அப்ப எழுதிக்கோங்க.

ஆடி அமாவாச. ஜெயப்ரியா வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி.

அதுக்கு மொத நாளு குமாரவேல் தறியில புது டிசைனுக்கு அட்ட மாத்தினான். ஓட்ட போட்ட அட்டைங்கள மாலையாட்டம் கோத்து மேல தொங்க வுட்டிருப்போமே, அது. பழசெல்லாம் பெட்டியில கட்டுக் கட்டா இருக்கும். அது அவர் பெட்டி, நான் தொட மாட்டேன், தொட்டா வரிச மாறிடும்னு கத்துவாரு. பையன் ஒரு கட்ட அவுத்தான். நடுவுல இருந்து ஒரு கவர் வுழுந்துச்சு. நெஞ்ச ஸ்கேன் எடுத்த காகிதம். சிவராஜ், வயசு அம்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்குது. சாவறதுக்கு ஒன்றர வருஷம் முன்னாடி தேதி. ஒடனே சேத்து ஆபரேஷன் பண்ணணும்னு எழுதியிருக்குது.

ஒன்றர வருஷம் மேடம். மாத்திரையெல்லாம் எங்க வச்சு முழுங்கினாரோ. வாயுக்குன்னு சொல்லிக்கினு நெஞ்ச நீவிக்குவாரு, நானும் ஓமத்தண்ணி காச்சிக் காச்சிக் குடுத்துக்கினு இருந்தேன். குமாரவேல் தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறான். உனக்குத் தெரியுமாடான்னேன். அத்தைக்குத் தெரியும்மான்னான். காவேரிதான் கூட போயிருக்கறா ஆஸ்பத்திரிக்கு. போன் பண்ணிக் கேட்டேன். அண்ணன்தான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு, உனக்குத் தெரிஞ்சா நீ பொலம்பியே தன்ன சீக்கிரம் மேல அனுப்பிடுவேன்னு சொல்லுச்சுன்னா. சிரிச்சுக்கினே சொன்னாராம் அத.

மறுநாளு அமாவாச. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, எழுந்து சமைச்சேன். அவருக்குப் புடிச்சதா பாத்துப் பாத்துத்தான் சமைச்சேன். எலய எடுத்துக்கினு மேல வந்தேன். காக்கா வராம இல்ல மேடம், அன்னிக்கு வந்துச்சு. எலய வைக்கறதுக்கு முன்னாடியே வந்து அந்தச் செவுத்து மேல உக்காந்துச்சு. உக்காந்து கழுத்த ஒரு பக்கமா சாய்ச்சு என்னப் பாத்துச்சு. நான் பொலம்ப ஆரம்பிச்சா அவரு அப்டித்தான் பாப்பாரு. கேக்கற மாதிரியே இருக்கும், ஒரு வார்த்த உள்ள போவாது.

நான் கேட்டேன். ஒன்றர வருஷம் பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தியே, ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலயான்னு கேட்டேன். பொலம்புனா பொலம்பிட்டுப் போறேன், உன் உசுருக்குப் பொலம்பாம வேற எதுக்கு நான் பொலம்பணும்னு கேட்டேன். அது கழுத்த இன்னும் கொஞ்சம் சாய்ச்சுது. கையில சாம்பார் கரண்டி இருந்துச்சு. வீசிட்டேன்.

பட்டுது மேடம். றெக்கையில. அந்த டேங்க் மேல இருக்குதே, எடது றெக்க லேசா தொங்குதில்ல, அதுதான். அதுதான் எடுத்துக் குடுக்கறது, மத்ததுங்க புடிச்சுக்குது. அப்பறம் ஜெயப்ரியா வந்து காக்காவ பயமுறுத்த ஒரு ஆள் வேணும்னுச்சு. அதுங்க கத்தறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணும் இல்ல, மீசைய கேட்டு வாங்கிக்கினேன்.

லெட்டர் வேணாம், வுடுங்க. காவேரிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க எழுதுங்க. மஹாலட்சுமி, வயசு நாப்பத்தெட்டு, ஆடி அமாவாச அன்னிக்கு, முகமூடி இல்லாம, காக்காவ கரண்டியால அடிச்சாங்கன்னு எழுதிக்கோங்க. நான் அவரைத்தான் அடிச்சேன், ஆனா அது அந்தப் பொண்ணு படிப்புக்கு ஒதவாது.